மாமனார் தின்ற தலை

நகரத்து அருங்காட்சியகத்தில் ஜோனியஸ் என்ட்லோவு எண் எழுதிக் கட்டிய சீட்டைப் பற்றி வெகுகாலம் யாரும் சந்தேகமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. அதுதான் அவருக்கு வந்த வினை. ஆரம்பத்திலேயே யாராவது ஒரு தடவை முகத்துக்கு நேரே "ஏம்ப்பா, சரியாப் பாத்துத்தான் கட்டினியா?" என்று அதட்டியிருந்தால், மனுஷன் பத்தொன்பது வருஷம் நெஞ்சில் கல்லைச் சுமந்திருக்க மாட்டார்.

அவர் வேலை என்ன என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவர் பட்டது உங்களுக்கு அவமானமாகவே தெரியாது. செத்த மிருகம் ஒன்று வந்தால் ஜோனியஸ் தோலை உரிப்பார், உள்பக்கம் உப்புத் தடவுவார், பஞ்சு அடைத்துத் தைப்பார். தலையைத் தனியாக வெட்டிக் காயவைத்து, தோல்வண்டு வளர்க்கும் தகரப் பெட்டிக்குள் போடுவார். வண்டுகள் சதையையெல்லாம் தின்றுவிட்டு எலும்பை வெள்ளைவெளேரென்று திருப்பித் தரும். தோலின் பின்னங்காலில் ஒரு சீட்டு, மண்டையோட்டில் ஒரு சீட்டு, இரண்டிலும் ஒரே எண். அந்த எண்ணை நம்பித்தான் எங்கெங்கிருந்தோ படிப்பாளிகள் வந்து உட்கார்ந்து அளக்கிறார்கள். எண் மாறிப்போனால் அவர்கள் எழுதுவதெல்லாம் கட்டுக்கதை.

இருபத்து மூன்று வயதில் தரை கூட்டும் ஆளாக உள்ளே வந்தவர். கண்ணால் பார்த்துப் பார்த்தே தொழிலைக் கற்றுக்கொண்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரும் நாளில் கீழ்த்தளத்தைச் சுற்றிக்காட்டுவதும் அவர்தான். அங்கே பாலூட்டிகள் குடும்பம் குடும்பமாக அலமாரிகளில் இருக்கின்றன. பிள்ளைகளைக் கண்டால் ஜோனியஸுக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

"கழுதைப்புலி நாய்னு உங்களுக்கு எவன் சொன்னது? பாக்கத்தான் நாய். காதுக்குள்ள இருக்கிற எலும்பைப் பாரு, நேரா பூனை, கீரி பக்கம் போயிடும். இந்தா, இது மண்பன்றி. ராவெல்லாம் மண்ணைத் தோண்டிக் கறையான் திங்கும். இதுக்கு உலகத்துல சொந்தபந்தமே கிடையாது. ஒரு குடும்பம், குடும்பத்துக்கு ஒரே ஆளு. சோறு போட ஒரு அத்தை கூட இல்ல, பாவம்!"

பிள்ளைகள் சிரிக்கும். அப்புறம் அவர் இம்பிலா அலமாரிக்கு வருவார். எங்கள் மலைகளில் பாறை இடுக்குக்கு இடுக்கு இருக்கும் பிராணி அது. முயல் அளவு, குட்டைக் காது, வால் கிடையாது. காலையில் குடும்பத்தோடு பாறைமேல் ஏறி வெயில் காயும். ஒன்று மட்டும் கழுகு வருகிறதா என்று காவல் பார்க்கும்.

"இதோட பெரியப்பா யாரு, சொல்லுங்க பாப்போம்?" என்பார். எலி, முயல், அணில் என்று பிள்ளைகள் கத்தும். அலமாரிக்குப் பக்கத்தில் தரையில் வைத்திருக்கும் யானை மண்டையோட்டைத் தட்டுவார். "இவருதான். நம்ப மாட்டீங்களே! இம்பிலாவோட மேல்பல்லு ரெண்டும் தந்தம் மாதிரி, சாகிற வரைக்கும் வளந்துக்கிட்டே இருக்கும். பாதம் ரப்பர் திண்டு. அதுல எப்பவும் ஈரம் கசியும், அதான் செங்குத்துப் பாறையிலயும் வழுக்காம ஓடுது. ஊர் எலிக்கும் இதுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல."

என்ட்லோவு என்றால் எங்கள் பாஷையில் யானை. யானைதான் அவர் குலத்தின் பெயர். "அப்ப நீங்களும் இதுக்குச் சொந்தமா?" என்று ஏதாவது ஒரு வாலு கேட்கும். "ஆமா, பங்காளி!" என்று சிரித்துக்கொண்டே அலமாரியின் முதல் இழுப்புத் தட்டையும் இரண்டாம் தட்டையும் இழுத்துக் காட்டுவார். மூன்றாம் தட்டை மட்டும் இழுக்க மாட்டார். அதில் 1147 கிடந்தது.

அது தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஜூலை, நல்ல குளிர். பாலூட்டிப் பிரிவின் தலைவர் டாக்டர் மஹாச்சி மலையடிவாரத்தில் முகாம் போட்டிருந்தார். வலையும் பொறியும் துப்பாக்கியுமாக மூன்று வாரம். யானைமூஞ்சூறு, மண்ணுக்குள் வாழும் பொன்னகழான், வௌவால், இம்பிலா என்று வந்து குவிந்தன. ஜோனியஸுக்கு நாள் முழுக்க உரிக்கிற வேலை. முகாமில் ஒரு வழக்கம் இருந்தது. தோலும் தலையும் அருங்காட்சியகத்துக்கு, கறி வேலைக்காரர்களுக்கு. தலையில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது. அந்த மாதம்தான் ஜோனியஸின் பெயர் நிரந்தர வேலைக்குப் போயிருந்தது.

அந்த முகாம் அவர் மாமனார் ஊருக்குப் பக்கம் என்பதுதான் தொல்லையே. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மருமகன் வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டு, ஒரு நாள் பின்னேரம் பெரியவர் மசுகு இரண்டு சேக்காளிகளைக் கூட்டிக்கொண்டு நடந்தே வந்துவிட்டார். டாக்டர் மஹாச்சி பெட்ரோல் போட டவுனுக்குப் போயிருந்தார். திரும்பி வர மறுநாளாகும்.

"என்ன மருமகனே, எலிக்குப் பஞ்சு அடைக்கிற உத்தியோகம் எப்படிப் போகுது?" என்றார் மசுகு.

"நல்லாப் போகுது மாமா."

"அடைச்சதுல ஏதாச்சும் எந்திரிச்சு ஓடியிருக்கா?"

சேக்காளிகள் இரண்டு பேரும் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். ஜோனியஸும் சிரித்துவைத்தார். மாமனார் முன்னால் வேறென்ன செய்ய முடியும்? களி கிண்டினார். காலையில் உரித்த பெரிய ஆண் இம்பிலாவின் கறியைப் பானையில் ஏற்றினார். எங்கள் பக்கம் வெட்டிய உயிரின் தலை ஆண்பிள்ளைகளுக்கு உரியது, அதிலும் அங்கே இருப்பவர்களில் மூத்தவருக்கு. மாமனாருக்குத் தலையில்லாத கறியை வைக்கிறதும், வாசலில் நிற்கவைத்துப் பேசி அனுப்புகிறதும் ஒன்றுதான்.

பொக்கைவாய் சேக்காளி மூக்கை உறிஞ்சினான். "வாசனை தூக்குதே! தலையும் உள்ளேதான் வேகுதா, இல்ல மருமகன் அதைத் தனக்குன்னு எடுத்து வெச்சுக்கிட்டாரா?"

மசுகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு நெருப்பையே பார்த்தார். அந்த ஒரு கனைப்பு போதும். ஜோனியஸின் காது மடல் இரண்டும் சுட்டன. "இந்தத் தலை அரசாங்கத்துச் சொத்து மாமா, தர முடியாது" என்று சொல்லியிருக்கலாம்தான். வாய் வரவில்லை. எலிக்குப் பஞ்சு அடைக்கிறவன், அதிலும் ஒரு தலைக்குக்கூடச் சொந்தக்காரன் இல்லை என்று அந்த மூன்று பேருக்கும் தெரிந்துவிடுமே! கூடாரத்துக்குள் போனார். துணிப்பையிலிருந்து 1147-ஐ எடுத்தார். சீட்டை அறுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தலையைப் பானையில் விட்டார்.

வெந்த தலையைத் தட்டில் வைத்து, முறைப்படி முழங்கால் மடக்கி நீட்டினார். மசுகு அதைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கல்லால் உடைத்து, மூளையை உறிஞ்சி, நாக்கைக் கடித்து, "நல்லாருக்கு" என்றார். உடைந்த எலும்பை நாய்க்கு வீசினார். நாய் அதைக் கவ்விக்கொண்டு பாறைக்குப் பின்னால் ஓடியது.

விடிந்ததும் ஜோனியஸ் முகாமின் பதிவு நோட்டைப் பிரித்து 1147-ஐத் தேடினார். இங்கேதான் எனக்கு இந்த மனுஷன்மேல் கோபம் வருகிறது. நோட்டில் "தலை இல்லை" என்று ஒரு வரி எழுதினால் முடிந்துபோயிருக்கும். அலமாரியில் அப்படி எத்தனையோ இருக்கின்றன. டாக்டர் ஒரு வசவு விட்டிருப்பார், அவ்வளவுதான். இவரோ மலைக்கு அந்தப்பக்கம், புல்வெளி ஓரத்தில் கண்ணி வைக்கும் ஒரு வேட்டைக்காரனிடம் ஓடினார். அருங்காட்சியகத்து உப்பில் ஒரு பை கொடுத்து, முந்தினநாள் மாட்டிய இம்பிலாவின் தலையை வாங்கினார். அதில் 1147-ஐக் கட்டினார். "இம்பிலா இம்பிலாதானே, யாருக்கு என்ன தெரியப்போகுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். டாக்டர் வந்து தலைகளை எண்ணினார், சரியாக இருந்தது.

இம்பிலாவில் இரண்டு ஜாதி உண்டு என்பது அப்போது அவருக்குச் சரியாகத் தெரியாது. எங்கள் ஊரில் இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே குழம்பு. ஒன்று இலை தின்னும். அதன் புருவம் வெளுத்திருக்கும், முதுகில் மஞ்சள் திட்டு. இன்னொன்று புல் மேயும், உடம்பு கொஞ்சம் தடித்தது. மாமனார் தின்றது இலைதின்னி. கட்டினது புல்தின்னியின் தலை.

அடுத்த வருஷம் வண்டுப் பெட்டியிலிருந்து வந்த மண்டையோடுகளைத் தட்டில் அடுக்கும்போதுதான் அது தெரிந்தது. அதற்குள் அவர் நிறையக் கற்றிருந்தார். புல்லில் மணலைப் போல ஒரு பொருள் இருக்கிறது, பல்லை அரம் போட்டுத் தேய்த்துவிடும். அதனால் புல்தின்னியின் கடைவாய்ப்பல் குதிரைப் பல் மாதிரி உயரமாக வளரும். இலைதின்னிக்கு அந்தத் தேய்மானம் இல்லை, பல் கட்டையாக இருக்கும். 1147-இன் பல் உயரமாக இருந்தது. பக்கத்தில் மஞ்சள் திட்டுத் தோல், வெள்ளைப் புருவம். அதே எண்.

அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். நிரந்தர வேலையும் வந்துவிட்டது, யாரும் துரத்தியிருக்க மாட்டார்கள். ஜோனியஸ் தட்டைத் தள்ளி மூடினார். முதல் தடவை செய்தது பதற்றத்தில் செய்தது என்று சாக்குச் சொல்லலாம். இந்தத் தடவை தெரிந்தே செய்தது. அதற்கு அவரிடம் ஒரு சாக்கும் இல்லை.

பதினைந்து, பதினாறு வருஷம் ஓடியது. அந்தத் தட்டில் வேலை வந்தால் வேறு யாரையாவது அனுப்பிவிடுவார். மற்ற சீட்டுகளை வெறிபிடித்தவர் மாதிரி மூன்று தரம் சரிபார்ப்பார். அதைப் பார்த்து எல்லோரும் "ஜோனியஸ் கை தப்பாத கை" என்றார்கள். ஒவ்வொரு தடவை அதைக் கேட்கும்போதும் அவருக்கு உள்ளங்கால் கூசும்.

அப்படியிருக்கும்போது நியாராய் வந்தாள். பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிற பெண். சிரித்த முகம், மூக்குக் கண்ணாடி எந்நேரமும் தலைமேல். இம்பிலாக்களின் பல்லை அளக்க வந்தவள். அப்பா என்கிற அர்த்தத்தில் அவரை "பாபா" என்று கூப்பிட்டாள். அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த, வேர்க்கடலை அரைத்துவிட்ட கீரையில் பாதியைக் கேட்காமலே எடுத்துச் சாப்பிட்டாள். ஜோனியஸுக்குத் தன் மகள் லிண்டியைப் பார்க்கிற மாதிரி இருந்தது. முதல் இரண்டு வருஷம் அவள் வேறு ஊர்களின் தட்டுகளை அளந்தாள். மூன்றாம் வருஷம் மூன்றாம் தட்டைத் திறந்தாள்.

"பாபா! ஓடி வாங்க, ஓடி வாங்க!"

அவள் கையில் 1147. மேசையில் அதே எண் தோலையும் எடுத்து வைத்திருந்தாள். "தோலு இலைதின்னி. மண்டை புல்லுதின்னி. ரெண்டும் ஒரே பாறையில குடியிருக்கும், ஒண்ணா வெயில் காயும், குட்டிங்க சேந்து விளையாடும். ஆனா கட்டிக்காதுன்னுதானே எல்லாரும் எழுதி வெச்சிருக்காங்க? கட்டியிருக்கு பாபா! இது கலப்புப் பிள்ளை! ரெண்டு பேரினத்துக்கும் பொறந்தது!"

ஜோனியஸ் அலமாரியைப் பிடித்துக்கொண்டார். "அப்படியா" என்றார்.

அவளும் மடைச்சி இல்லை. ஒரு வாரம் யோசித்துவிட்டு, மத்தியானம் கடலைக் கீரையையும் கறியையும் பங்கு போடும்போது மெதுவாக ஆரம்பித்தாள். "பாபா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? சீட்டுல உங்க கையெழுத்துதான் இருக்கு. அந்த முகாம்ல சீட்டு ஏதாச்சும் மாறியிருக்க வாய்ப்பு உண்டா?"

எவ்வளவு அழகாக வழி திறந்துவிட்டாள், பாருங்கள்! ஒரு "ஆமாம்மா" போதும். ஜோனியஸ் என்ன செய்தார் தெரியுமா? அடிபட்டவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "என் கையிலயா?" என்றார்.

நியாராய் பதறிப்போனாள். "ஐயோ, தப்பாக் கேட்டுட்டேன். மன்னிச்சுக்கோங்க பாபா." தன் பங்குக் கறித்துண்டையும் எடுத்து அவர் தட்டில் வைத்தாள். பொய் சொன்னவரிடம் உண்மையைக் கேட்டவள் மன்னிப்புக் கேட்டாள். அவர் அந்தத் துண்டையும் மென்று விழுங்கினார். உண்மையை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் செத்துப்போன மாமனாரின் பெயரைச் சந்திக்கு இழுக்க வேண்டிவரும் என்று ஒரு சாக்கு அவரிடம் தயாராக இருந்தது. மசுகு போய் ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

அவள் ஆய்வே திசை மாறிப்போனது. அளந்து வைத்திருந்த பல் கணக்கெல்லாம் பின்னால் போய், கலப்புப் பிள்ளை முன்னால் வந்து உட்கார்ந்தது. ஆகஸ்டில் அருங்காட்சியக மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஓய்வுபெற்ற டாக்டர் மஹாச்சி முன்வரிசையில் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நியாராய் படங்களைப் போட்டுக் காட்டிப் பேசினாள். எல்லைக்குத் தெற்கேயுள்ள நாட்டிலிருந்து வந்திருந்த ஒரு பேராசிரியை எழுந்து, நல்லவிதமாகவே கேட்டாள்: "சீட்டு மாறவில்லை என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்?"

"அந்தச் சீட்டைக் கட்டினவரையே கேட்டேன். அதோ, பின்னால உக்காந்திருக்காரு. முப்பது வருஷத்துல ஒரு சீட்டு தப்பாக் கட்டாத கை அவரோடது. என் ஆய்வு நிக்கிறதே அந்தக் கைமேலதான்."

மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மஹாச்சி உற்சாகமாக, "ஜோனியஸ், எழுந்திருப்பா! உன்னை எல்லாரும் பாக்கட்டும்!" என்றார். ஜோனியஸ் எழுந்தார். கை தட்டினார்கள். பள்ளிப்பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்துப் பழகிய முகம் தானாகச் சிரித்தது. அந்தச் சிரிப்பைத்தான் அவரால் இன்றுவரை மறக்க முடியவில்லை. பூமி பிளந்து விழுங்காதா என்று நின்றார், அது விழுங்கவில்லை.

பேராசிரியை கடைசியாக ஒன்று சொன்னாள். தோலிலிருந்து ஒரு துணுக்கு, மண்டையிலிருந்து ஒரு துணுக்கு கொடுத்தால் தன் பரிசோதனைக்கூடத்தில் மரபணு பார்த்துத் தருவதாகச் சொன்னாள். கலப்பு நிச்சயமானால் உலகமே பேசும் என்றாள். நியாராய் எங்கள் வழக்கப்படி இரண்டு உள்ளங்கையையும் குவித்து மெல்லத் தட்டி நன்றி சொன்னாள். திங்கட்கிழமை துணுக்கு எடுப்பதாக ஏற்பாடு.

வீட்டுக்கு வந்தவர் சாப்பாட்டுத் தட்டைத் தொடவில்லை. அவர் மனைவி புசிசிவே, "என்னாச்சு லிண்டி அப்பா, யாராச்சும் செத்துட்டாங்களா?" என்று கேட்டாள். அவர் சொன்னார். முதலில் தலை, பிறகு உப்புப் பை, வேட்டைக்காரன், நியாராய் கேட்டது, தான் சொன்னது என்று எல்லாம் சொன்னார். "உங்க அப்பா பேரும் இதுல வரும், புசி. அவரைக் கேவலப்படுத்துற மாதிரி ஆயிடும்."

புசிசிவே அவர் தொடாத தட்டை எடுத்து மூடிவைத்தாள். பிறகு பெருமூச்சு விட்டாள். "எங்கப்பாவுக்கு இம்பிலா வாடையே ஆகாது, உங்களுக்குத் தெரியாதா? அது முதுகுல ஒரு சுரப்பி வெச்சிருக்குமே, அந்த நாத்தம் வந்தாலே எந்திரிச்சுப் போயிடுவாரு."

"அன்னிக்கு மூளையை உறிஞ்சித் தின்னாரே!"

"வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தாரு. அம்மாகிட்ட சொன்னாரு. நீங்க முகாம்ல இருந்தப்ப நான் அம்மா வீட்லதானே இருந்தேன், நானும் கேட்டேன். 'தலையில சீட்டு கட்டுற நூலு அப்படியே தொங்கிச்சு. அது அவன் வேலைக்கு வேணுங்கிற தலைன்னு பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. வேணாம்னு திருப்பிக் கொடுத்தா ரெண்டு பேர் முன்னாடி மருமகன் தலை குனிஞ்சிருப்பான். அதான் தின்னுட்டேன்'னாரு. யார்கிட்டயும் சொல்லாதேன்னும் சொன்னாரு."

ஜோனியஸ் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எலிக்குப் பஞ்சு அடைக்கிறவன் என்று கேலி பேசிய கிழவர், மருமகன் மானத்தைக் காப்பாற்றுவதற்காகத் தனக்குப் பிடிக்காததைத் தின்றிருக்கிறார். இவர் அந்தக் கிழவரையே இத்தனை வருஷமும் திரையாகப் பிடித்து அதன் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தார். வெட்கம் என்றால் வெட்கம், உடம்பு முழுக்கப் பரவியது. பெண்டாட்டி முகத்தைக்கூட அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

திங்கட்கிழமை காலையில் நியாராய் சின்னக் கத்தியும் குப்பிகளுமாக வந்தாள். ஜோனியஸ் அலமாரிக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"எடுக்காதே தாயி. அது கலப்பு இல்ல. ரெண்டு மிருகம். சீட்டை மாத்திக் கட்டினவன் நான்தான். தோலுக்கு உண்டான தலையை எங்க மாமனாருக்கு ஆக்கிப் போட்டுட்டேன்."

அவள் முதலில் சிரித்தாள். அவர் தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. கண்ணாடியைத் தலையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"நான் உங்களைக் கேட்டேனே பாபா."

"கேட்டே."

"உங்ககிட்ட மன்னிப்பு வேற கேட்டேன்."

 அவள் குப்பிகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் திரும்ப வைத்தாள். பிறகு, "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இன்னிக்குத் துணுக்கு எடுக்கப் போறேன்னு இல்லேன்னா, என்கிட்ட சொல்லியிருப்பீங்களா?" என்றாள்.

ஆமாம் என்று சொல்ல ஜோனியஸ் வாயைத் திறந்தார். அந்தப் பொய் மட்டும் அவர் வாயிலிருந்து வரவில்லை. "தெரியல" என்றார். அதுவும் முழு உண்மை இல்லை என்று அவருக்குத் தெரியும். பிடிபடப் போகிறோம் என்று தெரிந்த பிறகு வந்த நேர்மைக்கு என்ன மரியாதை இருக்கிறது?

அவள் கத்தியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் கத்தவில்லை. அன்றைக்கே உட்கார்ந்து, கூட்டத்துக்கு வந்திருந்த எல்லோருக்கும் ஒரே கடிதத்தை எழுதி அனுப்பினாள். தன் முடிவு தவறு, இரண்டு விலங்கின் பாகங்களை ஒன்றென்று நம்பிவிட்டேன் என்று எழுதினாள். நம்பவைத்தது யார் என்று எழுதவில்லை. பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போனது. பழைய பல் கணக்கைத் தூசி தட்டி, முதலிலிருந்து ஆரம்பித்தாள். டாக்டர் மஹாச்சி கேள்விப்பட்டுத் தொலைபேசியில், "ஏன்டா, ஒரு தலை போனா நான் உன்னைத் தின்னா இருப்பேன்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். இப்போதைய அதிகாரிகள் எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்தார்கள். பிள்ளைகளுக்குச் சுற்றிக்காட்டும் வேலையை வேறு ஆளுக்கு மாற்றினார்கள்.

சீட்டு பாக்கி இருந்தது. அருங்காட்சியகத்தில் ஒரு விதி உண்டு. கட்டிய சீட்டை, அது தப்பாகவே இருந்தாலும், யாரும் அவிழ்க்கக் கூடாது. பக்கத்தில் இன்னொரு சீட்டைக் கட்டி, என்ன தப்பு, யார் சொல்கிறார்கள் என்று எழுத வேண்டும். இனி அந்தத் தட்டைத் திறக்கிற ஒவ்வொருவரும் இரண்டையும் படிப்பார்கள். ஜோனியஸ் செத்த பிறகும், நியாராய் செத்த பிறகும் படிப்பார்கள்.

"நீங்களே எழுதுங்க" என்று அவள் அழியாத மையையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்தாள்.

ஆயிரக்கணக்கில் சீட்டு எழுதிய கை. முத்து முத்தான எழுத்து. "முகாமில் மண்டையோடு மாறிவிட்டது" என்று எழுதி நீட்டினார்.

அவள் படித்தாள். "தானாவா மாறிச்சு?"

அவர் அந்தச் சீட்டை வாங்கிக் கிழித்துப் போட்டார். இன்னொன்றை எடுத்தார். இந்தத் தடவை எழுத்து கோணல்மாணலாக வந்தது. "இந்த மண்டையோடு இந்தத் தோலுக்கு உரியதல்ல. உரிய தலையைச் சமைத்து மாமனாருக்குக் கொடுத்தேன். வேறு தலையை வாங்கிக் கட்டினேன். பத்தொன்பது வருஷம் சொல்லவில்லை. ஜோ. என்ட்லோவு." மை காய்கிற வரைக்கும் இருவரும் காத்திருந்தார்கள். பிறகு அவர் நூலைக் கோத்து, தாடை எலும்பில் கட்டி, இரட்டை முடிச்சுப் போட்டார்.

நியாராய் மூன்றாம் தட்டை மூடினாள். ஜோனியஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"எங்க போறீங்க? உக்காருங்க பாபா" என்றாள். குரலில் கோபம் இல்லை, பழைய செல்லமும் இல்லை. "இந்தக் கட்டடத்துல நீங்க கட்டினது ரெண்டாயிரத்துச் சொச்சம் இருக்கு. இனிமே எதையும் நான் சும்மா நம்ப முடியாது."

நான்காம் தட்டை இழுத்தாள். முதல் மண்டையோட்டை எடுத்து அவர் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

"இது?" என்று கேட்டாள்.